ஸ்கேனர் வாங்கக் காசு இருக்கிறது, லேபிள் படிக்க ஆள் இல்லை

பழைய உயிரினச் சேகரிப்புகளை டிஜிட்டல் ஆக்குகிறோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, லேபிளை யார் படிக்கிறார்கள் என்பதுதான். கேமரா என்ன மாடல், ஸ்கேனர் என்ன விலை என்பதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஆனைமலை அடிவாரத்தில் உள்ள ஒரு கள ஆய்வு நிலையத்துக்கு விடுமுறை நாட்களில் போய் இந்த வேலையில் கைகொடுத்து வருகிறேன். பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. அலமாரியைத் திறந்தால் அந்துருண்டை வாசனை முகத்தில் அடிக்கும். ஊசி குத்திய வண்டுகள், ஸ்பிரிட் ஜாடியில் தவளைகள், பழைய செய்தித்தாளுக்கு இடையில் அமுக்கிய செடிகள். ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுக் காகிதம். எந்த இடத்தில், எந்த நாளில், யார் எடுத்தார் என்பது அதில் மட்டும்தான் இருக்கிறது. ராமபாணப் பூச்சி அதைத் தின்றுவிட்டால் அந்த வண்டுக்கும் தெருவிளக்கின் அடியில் செத்துக் கிடக்கும் வண்டுக்கும் வித்தியாசமில்லை.

அந்தக் காகிதத்தைப் படிப்பது எளிதென்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். ஒரு செடியின் லேபிளில் ‘கோயம்புத்தூர் மாவட்டம், 1905’ என்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்தக் கோயம்புத்தூர் மாவட்டம்? கரூர் தாலுகா 1910 வரை இதில்தான் இருந்தது. கொள்ளேகாலம் 1956 இல் மாநிலங்களைப் பிரித்தபோது மைசூர் பக்கம் போயிற்று. இன்று அது கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம். ஈரோடு 1979 இல் பிரிந்தது, திருப்பூர் 2009 இல். ஆக, அந்தச் செடி இரண்டு மாநிலங்களில் எங்கு வேண்டுமானாலும் முளைத்திருக்கலாம். இது தெரியாத மென்பொருள், வரைபடத்தில் கோவை காந்திபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கேயாவது ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடும். மலைச்சோலைத் தவளை ஒன்று டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்ததாக உலகத் தரவுத்தளத்தில் பதிவாகிவிடும். பிறகு யாராவது அதை நம்பி ஆய்வுக் கட்டுரை எழுதுவார்கள்.

ஊர்ப் பெயர்களும் அப்படியே. ‘மவுண்ட் ஸ்டூவர்ட்’ என்றால் டாப்ஸ்லிப். ‘பொலம்பட்டி’ என்றால் நம் போளுவாம்பட்டி. சில லேபிள்களில் ஓடையின் பெயர் மட்டும் இருக்கும். எந்த வரைபடத்திலும் அது கிடைக்காது, மலசர் பழங்குடிப் பெரியவர் ஒருவரிடம் கேட்டால் கிடைக்கும். அந்தக் காலத்துத் துரைமார்களுக்கு வழிகாட்டியதும் மரம் ஏறியதும் காடர்களும் மலசர்களும்தான். லேபிளில் பெரும்பாலும் துரையின் பெயர் மட்டுமே நிற்கிறது. தேதி இன்னொரு தலைவலி. 4.7.08 என்பது ஜூலையா, ஏப்ரலா? 1908 ஆ, 2008 ஆ? மாதத்தை மட்டும் ரோமன் எண்ணில் எழுதும் பூச்சியியல்காரர்களுக்குக் கோயில் கட்டலாம்.

இவ்வளவு மெனக்கெட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவைகள் ஏன் குறைந்தன என்று தேடிய ஆய்வாளர் டெரெக் ராட்கிளிஃப், பலர் பொழுதுபோக்காகச் சேர்த்து வைத்திருந்த பழைய முட்டை ஓடுகளை எடுத்துப் பார்த்தார். 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துபோயிருந்தது. 1967 இல் அவர் அதை வெளியிட்ட பிறகுதான் டி.டி.டி. பூச்சிமருந்தின் முழுக் கேடும் வெளிச்சத்துக்கு வந்தது. முட்டை சேர்த்தவர்கள் யாரும் பூச்சிமருந்தை மனத்தில் வைத்துச் சேர்க்கவில்லை. அவர்கள் தேதியை ஒழுங்காக எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

நொய்யலில் சாயக்கழிவு கலப்பதற்கு முன் என்னென்ன மீன் இருந்தது என்று நாளைக்கு ஒருவர் கேட்டால் நாம் எதைக் காட்டுவோம்? மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே நீலகிரி மலையிலும் அதன் அடிவார ஆறுகளிலும் உள்ள மீன்களைப் பற்றி 1867 இல் எழுதினார். அவர் இந்தியாவில் சேர்த்த மீன்கள் இன்று கொல்கத்தா, லண்டன், லெய்டன், சிட்னி என்று சிதறிக் கிடக்கின்றன. பவானிக் கரையில் பிறந்த பிள்ளை தன் ஆற்று மீனைப் பார்க்க விசா எடுக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? டிஜிட்டல் ஆக்குவதை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

பெரிய நிறுவனங்களைப் பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. 1902 இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் கோவையில் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உலர்த்திய செடிகளைக் காக்கும் சென்னை ஹெர்பேரியம் இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை தன் செடித் தாள்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றி வருகிறது. என் கவலையெல்லாம் சின்னக் கள நிலையங்களும் கல்லூரி விலங்கியல் துறைகளும்தான். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் எல்லா ஜாடிகளையும் படமெடுத்தார்கள். பிறகு, ‘அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே’ என்று ஜாடிகளைக் குப்பையில் கொட்டிவிட்டு அந்த அறையை ஸ்மார்ட் வகுப்பாக மாற்றிக்கொண்டார்கள். கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய உருளைக்கிழங்கு நோய்க் கிருமியின் டி.என்.ஏ.வை, 1840களில் உலர்த்திய இலைகளிலிருந்து 2013 இல் படித்தார்கள். புகைப்படத்தைச் சுரண்டினால் டி.என்.ஏ. வருமா?

படமே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. 2016 இல் டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது. 2018 இல், 1818 இல் தொடங்கிய பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் ஒரே இரவில் சாம்பலாயிற்று. அப்படிப்பட்ட நாளில் எஞ்சுவது படமும் தட்டச்சு செய்த லேபிளும்தான்.

பணம் போகும் திசைதான் எனக்குப் பிடிக்கவில்லை. கருவி வாங்க ஒதுக்கீடு எளிதாகக் கிடைக்கிறது. லேபிளை உட்கார்ந்து படிக்கும் பட்டதாரிக்குப் பதிவு ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. அவசரமாகத் தட்டத்தானே செய்வார்? ‘செயற்கை நுண்ணறிவு படித்துவிடும் சார்’ என்கிறார்கள். கையெழுத்தைப் படிக்கட்டும், எனக்கும் கண் வலி மிச்சம். ஆனால் கொள்ளேகாலமா கோபியா என்று முடிவு செய்யும்போது பழைய வனத்துறை ஆவணம் பார்த்த ஒருவரும் காடு தெரிந்த ஒருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும். இடத்தை அடையாளம் சொன்னவர் பெயருக்கென்று தரவில் ஒரு தனிக் கட்டமும் வேண்டும். நட்சத்திர ஆமை, சந்தன மரம் போன்றவற்றின் துல்லியமான இடத்தை மட்டும் பொதுவெளியில் மறைத்துவிடுங்கள். திருடர்களும் இணையம் பார்க்கிறார்கள்.

கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, கோபி வட்டாரக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் இதைப் படித்தால், இந்தக் கோடை விடுமுறையில் துறையின் பழைய அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஸ்பிரிட் வற்றியிருந்தால் முதலில் அதை நிரப்புங்கள். லேபிள் கழன்று கிடந்தால் ஊகித்து ஒட்டாமல் தனி உறையில் போட்டு, எந்த ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பழைய ஊர்ப் பெயர் புரியவில்லை என்றால் லேபிளைப் படமெடுத்துப் பின்னூட்டத்தில் போடுங்கள். எங்கள் நிலையத்தில் இருப்பவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்.