கை ஆசீர்வதிக்க, கால் எதற்கு?

டான் கமில்லோ புத்தகத்தை எங்கள் பங்கு நூலகத்துக்குக் கொடுத்தது நான்தான். மூன்றே வாரத்தில் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. உள்ளே நீல மையில் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு: "பாடுபட்ட சுரூபம் வாய் திறந்து பேசுவதும் குருவானவரைக் கேலி செய்வதும் விசுவாசிகளுக்கு இடறலாக இருக்கும்." கையெழுத்து இல்லை. தேவையும் இல்லை, 'இடறல்' என்ற சொல்லை டீக்கடையில்கூடப் பயன்படுத்துகிற ஆள் எங்கள் பங்கில் ஒருவர்தான்.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், இந்தப் புத்தகத்தை நான் கொடுத்துப் படித்தவர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்திருக்கிறார்கள், மீதிப் பேர் எதற்காகக் கொண்டாடக் கூடாதோ அதற்காகக் கொண்டாடியிருக்கிறார்கள். அதைத்தான் இங்கே கொட்டித் தீர்க்கப் போகிறேன். நீளமாகத்தான் இருக்கும், நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 'டான்' என்றதும் கறுப்புக் கண்ணாடியும் கடத்தல் படகும் நினைவுக்கு வந்தால் துடைத்துவிடுங்கள். இத்தாலியில் பங்குச் சாமியாரை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். போ நதிக்கரையில் ஒரு சின்ன ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு நடக்கிற கதை. ஊர் மேயர் பெப்போனே ஒரு மெக்கானிக், அசல் கம்யூனிஸ்ட். சாமியார் கமில்லோவுக்கு எருமைக் கடா மாதிரி உடம்பு, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. இந்த இருவருக்கும் நடுவில் கோயில் பெரிய பீடத்துச் சிலுவையில் தொங்கும் இயேசு, கமில்லோவிடம் மட்டும் பேசுவார். எழுதியவர் ஜொவான்னீனோ குவரெஸ்கி. 1946 டிசம்பரில் மிலானில் அவர் நடத்திய 'கான்டிடோ' வார இதழில், கிறிஸ்துமஸ் அவசரத்தில், இடம் நிரப்பப் போட்ட கதைதான் முதல் கதை. 1948-இல் புத்தகமாக வந்தது. அப்புறம் அவர் நினைத்தாலும் நிறுத்த முடியவில்லை, முந்நூறுக்கும் மேற்பட்ட கதைகள் ஆகிவிட்டன. கதைகளுக்குப் படமும் அவரேதான் போட்டார்: தலைக்கு மேல் வளையத்தோடு ஒரு குட்டிச் சம்மனசும், வாலோடு ஒரு குட்டிச் சாத்தானும், பக்கத்துக்குப் பக்கம் ஏதாவது சேட்டை செய்துகொண்டிருப்பார்கள். நடைபாதைக் கடையில் நான் இதை வாங்கியதே அந்தச் சாத்தான் முகத்தைப் பார்த்துத்தான்.

சரி, 'இடறல்' விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் கதையிலேயே பெப்போனே பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறான். வருஷக்கணக்கான பாவத்தையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, இரண்டு மாதத்துக்கு முன்னால் உங்களைக் கம்பால் அடித்தது நான்தான் என்கிறான். தேர்தல் நேரத்தில் கமில்லோ பிரசங்கத்தில் உள்ளூர் சிவப்புச் சட்டைக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசிவிட்டார், அதற்கு ராத்திரி இருட்டில் விழுந்த அடி அது. பாவத்தை மன்னித்தாயிற்று. மன்னித்துவிட்டுப் பெரிய பீடத்துக்குப் போய் இயேசுவிடம் அனுமதி கேட்கிறார், இவனை ஒரு போடு போட்டுக்கொள்ளட்டுமா என்று. கூடாது, நீ மன்னித்துவிட்டாய் அல்லவா, உன் கைகள் ஆசீர்வதிக்கப் படைக்கப்பட்டவை என்கிறார் அவர். சரி ஆண்டவரே, கைகள் ஆசீர்வதிக்கத்தான், ஆனால் கால்கள் அதற்குப் படைக்கப்பட்டவை இல்லையே என்கிறார் இவர். ஒரு நொடி மௌனம். அப்புறம் அங்கிருந்து வருகிற பதில்: அதுவும் நியாயம்தான், ஆனால் ஒன்றே ஒன்று.

இடி மாதிரி ஓர் உதை. முழங்காலில் இருந்த பெப்போனே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நிமிஷமாக இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் நிம்மதி என்கிறான். எனக்கும்தான் என்கிறார் சாமியார். இயேசு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவருக்கும் சந்தோஷம் என்று தெரிகிறது.

இதில் இடறல் எங்கே இருக்கிறது? யார் இங்கே கேலிக்கு ஆளாகிறார்? கடவுளா? கேலிக்கு ஆளாவது சட்டத்தில் ஓட்டை தேடுகிற சாமியார். நம்மில் யார் அந்த ஓட்டையைத் தேடாதவர்? தபசு காலத்தில் கறி சாப்பிடக் கூடாது, மீன் கறியில்லை, அப்படியானால் இறால், அப்படியானால் நண்டு என்று போய்க்கொண்டே இருப்பவர்கள்தானே நாம். அந்தத் துண்டுச்சீட்டு எழுதியவர் வீட்டில் பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் சாப்பிட்டிருக்கிறேன், சொன்னால் சண்டை வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் குவரெஸ்கியே புத்தகத்தின் முன்னுரையில் இந்த ஆட்களுக்குப் பதில் சொல்லிவிட்டார். கமில்லோவால் மனம் புண்பட்ட சாமியார்கள் இருந்தால் கிடைப்பதிலேயே பெரிய மெழுகுதிரியை என் தலையில் அடித்து உடைக்கலாம், பெப்போனேயால் புண்பட்ட கம்யூனிஸ்டுகள் என் முதுகில் தடியை உடைக்கலாம், ஆனால் இயேசு பேசுவதால் யாராவது புண்பட்டால் நான் செய்ய ஒன்றுமில்லை, ஏனென்றால் இங்கே பேசுவது என் கிறிஸ்து, அதாவது என் மனசாட்சியின் குரல் என்கிற மாதிரி எழுதியிருப்பார். முன்னுரை படிக்கிற பழக்கம் நம் ஊரில் இல்லை, விடுங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கடவுளோடு வாய்ச்சண்டை போடுவது தமிழ் வாசகனுக்குப் புதிதா என்ன? சுந்தரர் சாமியையே பரவையார் வீட்டுக்குத் தூது அனுப்பினவர். கண் போனதும், நீர் நன்றாக வாழ்ந்துபோம் என்று திருவாரூர்க்காரரையே ஏசினவர். தம்பிரான் தோழர் என்று அதற்கு ஒரு பட்டமே கொடுத்து வைத்திருக்கிறோம். இத்தனை வருஷம் இந்த மண்ணில் இருந்தும் நாம் கிறிஸ்தவர்கள் மட்டும் ஆண்டவர் முன்னால் சிரித்தால் குத்தம் என்று எங்கே கற்றுக்கொண்டோமோ.

அடுத்தவர் எங்கள் தெரு முனையில் தையல் கடை வைத்திருக்கும் தோழர் அண்ணாச்சி. அவர் வாதம் வேறு. "இது சிரிப்புக் கதை இல்லை தம்பி, சிரிக்க வச்சு ஓட்டு கேக்குறது." இதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. குவரெஸ்கி சும்மா ஓரமாக நின்று சிரித்த ஆள் இல்லை. 1948 ஏப்ரல் தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக இதழ் முழுக்க வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார். வாக்குச்சாவடிக்குள் கடவுள் உன்னைப் பார்க்கிறார், ஸ்டாலின் பார்க்க மாட்டார் என்று இத்தாலி முழுக்கச் சுவரில் ஒட்டிய வாசகம் அவர் பட்டறையில் செய்ததுதான். கதையிலும் பெப்போனேயின் அறிக்கையில் எழுத்துப்பிழை, அவன் ஆட்களின் இலக்கணப்பிழை என்று திரும்பத் திரும்ப அடிக்கிற இடங்கள் எனக்கும் பிடிக்காது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவனைப் பார்த்துப் படித்தவன் சிரிக்கிற சிரிப்பு அது. அண்ணாச்சி அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டாராம். சரிதான்.

ஆனால் அண்ணாச்சி, நீங்கள் மூடிய பக்கத்துக்கு அந்தப் பக்கம் நதி ஊர்வலம் இருக்கிறது.

வருஷா வருஷம் சிலுவையை ஆற்றங்கரை வரை கொண்டுபோய், வெள்ளம் வராமல் தண்ணீரை மந்திரிக்கிற வழக்கம். இந்தத் தடவை பெப்போனேயின் ஆட்கள் செங்கொடியோடுதான் வருவோம் என்கிறார்கள். கமில்லோ மாட்டேன் என்கிறார். கொடி இல்லாவிட்டால் ஊரில் ஒருவனும் வரக் கூடாது என்று மிரட்டல். அன்றைக்குக் கோயிலில் ஒரு ஈ காக்கை இல்லை. சாமியார் அந்தப் பெரிய சிலுவையைத் தானே தூக்கிக்கொண்டு காலியான தெருவில் நடக்கிறார், பின்னால் ஒரு நாய் மட்டும். ஊர் எல்லையில் சிவப்பு ஆட்கள் வழியை மறித்து நிற்கிறார்கள். இவர் சிலுவையைத் தடி மாதிரிப் பிடித்துக்கொண்டு நடையை நிறுத்தாமல் போக, கூட்டம் விலகுகிறது. அவருக்காக இல்லை, சிலுவைக்காக என்கிற மாதிரி விலகுகிறது. ஆற்றங்கரையில் அவர் செய்கிற ஜெபம்தான் எனக்கு இந்தப் புத்தகத்திலேயே பிடித்த இடம். ஆண்டவரே, இந்த ஊரில் நல்லவர்கள் வீடு மட்டும் நோவாவின் பேழை மாதிரி மிதக்கும் என்றால் வெள்ளம் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகட்டும் என்று கேட்பேன், ஆனால் நல்லவனும் அயோக்கியனும் ஒரே செங்கல் வீட்டில்தானே இருக்கிறான், அதனால் எல்லோரையும் காப்பாற்றும் என்கிற மாதிரி ஒரு ஜெபம். பின்னால் இருந்து 'ஆமென்' என்று ஒரு குரல் வருகிறது. பெப்போனே.

பிரச்சாரம் எழுதுகிறவன் அந்த ஆமெனை எதிராளி வாயில் வைக்க மாட்டான். வைத்தாலும் அவனைத் தோற்றவனாக்கி வைப்பான். இங்கே அந்த ஜெபமே பாதிக்கு மேல் வசவு, அதற்கு ஆமென் சொல்கிறவன் அந்த வசவும் புரிந்துதான் சொல்கிறான். பழைய பள்ளிக்கூட டீச்சர் சாகும்போது ராஜா காலத்துக் கொடியோடு தன்னைப் புதைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போகிற கதையும் அப்படித்தான். மற்ற கட்சிக்காரர்கள் எல்லோரும் குடியரசு, சட்டம், ஊர் என்ன சொல்லும் என்று பின்வாங்க, டீச்சர் கேட்ட கொடியோடுதான் போவார் என்று முடிவு செய்வது பெப்போனே. சாமியார் அங்கே வெறும் துணைப் பாத்திரம்.

மூன்றாவது வகைதான் எனக்கு ரொம்ப எரிச்சல். கல்லூரியில் படிக்கிற என் அக்கா மகள் இரண்டு நாளில் முடித்துவிட்டு, "மாமா, ரொம்ப கியூட், அந்தக் காலத்துல சண்டை போட்டாலும் எவ்ளோ அன்பா இருந்திருக்காங்க" என்றாள். இணையத்தில் இந்த நாவலைப் பாராட்டுகிற பலரும் இதே பாட்டுத்தான். இன்றைக்கு அரசியலில் இப்படி இல்லையே, அன்றைக்கு எதிரிகள்கூட நண்பர்கள் என்று ஒரு பெருமூச்சு.

அன்பா? 1946 ஜூன் 18, கதை நடக்கிற அதே வட இத்தாலிய எமிலியா வட்டாரத்தில் கொர்ரேஜ்ஜோ என்ற ஊர்ப் பக்கம் உம்பெர்த்தோ பெஸ்ஸீனா என்ற பங்குச் சாமியாரை ராத்திரியில் சுட்டுக் கொன்றார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் கமில்லோ முதல் முறையாக அச்சில் வருகிறார். அந்தக் கொலைக்காக உள்ளே போனவர் யார் தெரியுமா, கொர்ரேஜ்ஜோவின் கம்யூனிஸ்ட் மேயர் ஜெர்மானோ நிக்கோலினி. பத்து வருஷம் சிறையில் இருந்தார். அவர் நிரபராதி என்று நீதிமன்றம் சொன்னது 1994-இல். சாமியார் செத்தார், செய்யாத குற்றத்துக்கு மேயர் உள்ளே போனார். இதுதான் நிஜத்தில் நடந்த சாமியார்-மேயர் கதை. பின்னால் இந்தக் கதைகளைச் சினிமாவாக எடுத்த ப்ரெஷெல்லோ ஊரிலிருந்து அந்த இடம் ஒரு முப்பது கிலோமீட்டர் இருக்கும், அதே மாவட்டம். புத்தகம் வந்த மறு வருஷம், 1949 ஜூலையில், ரோமிலிருந்து ஆணையே வந்தது, கம்யூனிசக் கொள்கையை ஏற்றுக்கொண்டு பரப்புகிற கத்தோலிக்கனுக்குத் திருச்சபையில் இடமில்லை என்று. அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவன் உட்கார்ந்து, மேயர் தன் பிள்ளைக்கு லெனின் என்று பெயர் வைத்து ஞானஸ்நானத்துக்கு அனுப்பி வைக்கிறான், சாமியார் முடியாது போ என்கிறார், இயேசு அவரைக் கடிந்துகொள்கிறார், கடைசியில் இருவரும் கட்டிப் புரண்டு சண்டை போட்டுவிட்டு லிபெரோ கமில்லோ லெனின் என்று சமரசத்துக்கு வருகிறார்கள் என்று எழுதுகிறான் என்றால், அது கியூட் இல்லை. தெருவில் ரத்தம் காயாத ஊரில் நின்றுகொண்டு எழுதியது. அந்த அடிதடியெல்லாம் கைகலப்போடு நிற்கிறதே, துப்பாக்கிக்குப் போகவில்லையே, அதுதான் அவர் செய்த கற்பனை.

எழுதியவரும் சொகுசாக இருந்து எழுதவில்லை. 1943-இல் ஜெர்மானியர்களோடு சேர மறுத்து, 1945 வரை போலந்திலும் ஜெர்மனியிலும் முகாம்களில் கிடந்தவர். இன்னும் வேடிக்கை, 1948-இல் யார் ஜெயிக்க வேண்டும் என்று உழைத்தாரோ அந்தக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர் டி காஸ்பெரியே அவர் மேல் அவதூறு வழக்குப் போட்டார். டி காஸ்பெரி எழுதியதாகச் சொல்லிச் சில கடிதங்களை இவர் வெளியிட்ட விவகாரம். நீதிமன்றம் இவர் சொன்னதை ஏற்கவில்லை. மேல்முறையீடு செய்ய மாட்டேன் என்று பிடிவாதமாக 1954-இல் பார்மா சிறைக்குள் போய் 409 நாள் இருந்தார். அந்தக் கடிதங்கள் விஷயத்தில் எனக்கு அவர் மேல் பரிவு கிடையாது, ஆனால் அந்தப் பிடிவாதம் அப்படியே கமில்லோ.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெண்கள் இந்த நாவலில் அழுவதற்கும் திட்டுவதற்கும் பிள்ளை தூக்கிக்கொண்டு வருவதற்கும்தான் இருக்கிறார்கள். பின்னால் வந்த தொகுதிகளில் அச்சு தேய்ந்துவிட்டது, சண்டை, சிலுவையின் அதட்டல், சமாதானம் என்று எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தது வரும். அவர் 1968-இல் இறந்த பிறகு வந்த இளைஞர்கள் பற்றிய தொகுதியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற ஆயர்கள் மாநாட்டுக்குப் பிறகு திருச்சபையில் வந்த மாற்றங்களைப் பார்த்துப் பெரிசுகள் புலம்புவது மாதிரிப் புலம்பல். முதல் தொகுதியோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

நான் என்ன சொல்ல வருகிறேன் என்றால், ஒவ்வொரு கதை முடிவிலும் கமில்லோ அந்தப் பீடத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. போகும்போது நியாயம் தன் பக்கம் என்ற தெனாவட்டு, திரும்பும்போது காது சிவந்திருக்கும். எதிரியைத் திட்டி முடித்ததும் யார் முன்னாலாவது இப்படி நின்று கணக்குச் சொல்ல வேண்டிய ஆள், சிரிப்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பெப்போனேக்கு அந்த வசதி இல்லை, பாவம், அவனுக்குக் கமில்லோதான். இதைப் பிரச்சாரம் என்பவர்களும், இடறல் என்பவர்களும், கியூட் என்பவர்களும் ஆளுக்கொரு பக்கம் சிலுவையை விட்டுவிட்டு இரண்டு மனிதர்களை மட்டும் பார்த்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். இடறல்காரர் பார்த்தார், ஆனால் அது பேசிய உடனே காதைப் பொத்திக்கொண்டார்.

போன வாரம் சட்டை தைக்கக் கொடுக்கப் போனபோது, மூடின பக்கத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள் என்று அண்ணாச்சியிடமே புத்தகத்தை மறுபடியும் கொடுத்தேன். நேற்றுச் சட்டை வாங்கப் போனேன். சட்டை ஆகவில்லை. புத்தகம் மெஷின் மேல் குப்புறக் கிடந்தது, நதி ஊர்வலம் எல்லாம் தாண்டி எங்கேயோ. "சட்டை எங்க அண்ணாச்சி?" என்றேன். தலை நிமிராமல், "இரும், இவன் அந்தப் பிஷப்பைப் பாக்கப் போயிருக்கான்" என்றார்.