கிரேடியன்ட்ல எந்தப் புள்ளி முதல்ல?

மேல ஒருத்தர், கிரேடியன்ட் (ஒரு கோடு எவ்ளோ சாய்வா ஏறுது, இறங்குதுங்கிற அளவு) கண்டுபிடிக்க கோட்டுல இருக்கிற ரெண்டு புள்ளியில இடது பக்கப் புள்ளியத்தான் முதல்ல எடுக்கணும், இல்லன்னா பிளஸ் மைனஸ் மாறிடும்னு போட்டிருக்காங்க, ஓ லெவல் பரீட்சை எழுதுற பிள்ளைங்களுக்கு அனுப்புறேன்னு வேற சிலர் சொல்லிருக்கீங்க, அதான் எழுதுறேன். அப்படி ரூல் எதுவும் இல்லைங்க. எந்தப் புள்ளியில ஆரம்பிச்சாலும் ஓகே, ஒய்ய கழிக்கிற அதே ஆர்டர்ல எக்ஸையும் கழிக்கணும், அவ்ளோதான். (2, 3), (6, 11) எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க. மேல ஒய் வித்தியாசம் 11-3, கீழ எக்ஸ் வித்தியாசம் 6-2, அதாவது 8/4 = 2. திருப்பிப் போட்டா -8/-4, அதுவும் 2தான். மேல 11-3 போட்டுட்டு கீழ மட்டும் 2-6ன்னு மாத்துனாத்தான் -2 வரும், பிள்ளைங்க மார்க் விடுறதும் இங்கதான். இன்னும் சந்தேகம்னா கிராஃப் பேப்பர்ல ரெண்டு பக்கமும் ஒரே ஸ்கேல் வச்சு கோட்ட வரைஞ்சு பாருங்க, வலது பக்கம் 1 கட்டம் போனா 2 கட்டம் மேல ஏறும், ஏறுற கோட்டுக்கு மைனஸ் எப்படிங்க வரும்?