மலையிறக்கத்துக்கும் சேர்த்து யோசியுங்கள்

மின்சார காரில் பெரிய திரை, குரல் கட்டளை எல்லாம் வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி. குமுளியில் இருந்து கம்பத்துக்கு அடிக்கடி இறங்குகிற எனக்கு முதல் தேவை வேறு. முழு சார்ஜ் போட்டு மலையிறங்கினால் பேட்டரியில் மின்சாரம் ஏற இடமிருக்காது. அதனால் பல கார்களில் ரீஜென் பிரேக் (சக்கரம் சுழலும் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரியில் ஏற்றியபடியே வண்டியை மெதுவாக்கும் முறை) சரியாகப் பிடிக்காது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே வேகம் குறையும் என்று பழகியவர், கொண்டை ஊசி வளைவில் என்ன செய்வார்? அதைக் கிளம்பும் முன்பே வண்டி எச்சரிக்க வேண்டும். ஏற்றத்தில், 1,600 கிலோ காரை 500 மீட்டர் உயர்த்த மட்டுமே 2 யூனிட்டுக்கு மேல் போகும். கார் நிறுவனங்களே, வண்டி இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ரீஜென் அளவை மாற்ற எல்லா மாடலிலும் ஸ்டீயரிங் பக்கத்திலேயே பட்டன் கொடுங்கள்.