கோடை முகாமில் கோப்பை வேண்டாம், உறுப்பினர் அட்டை கொடுங்கள்

ஏப்ரல் கடைசியில் தேர்வுகள் முடிந்ததும் சின்ன ஊர்களின் கிளை நூலகங்களில் கோடை முகாம் தட்டி கட்டிவிடுவார்கள். ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, குறள் ஒப்புவித்தல், ஒரு நாள் யோகா, ஒரு நாள் காகிதக் கலை. கடைசி நாளில் ஊர்ப் பிரமுகர் வந்து சான்றிதழும் கோப்பையும் கொடுப்பார், எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். இதற்காக நூலகர்களும் வாசகர் வட்ட நண்பர்களும் கைக்காசு போட்டு ஓடுவதை அருகிலிருந்து பார்க்கிறேன். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் நூலகப் படி ஏறுகிறார்கள்? எங்கள் ஊரில் மிகக் குறைவு. முகாம் நடந்த நாட்களில்கூட ஒரு புத்தகமும் வீட்டுக்கு எடுத்துப் போகாத பிள்ளைகள்தான் அதிகம்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். முகாமுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுங்கள். அன்று சாயங்காலமே, தனக்குப் பிடித்ததைத் தானே எடுத்து, ஒரு புத்தகத்தோடு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகட்டும். காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்ந்தாலும் ஒரு சினிமா டிக்கெட் விலைக்குள் அடங்கிவிடும். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பத்துப் பிள்ளைகளின் அட்டைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டால் அவர்கள் மறுக்க மாட்டார்கள்.

நூலகர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. புத்தகம் தொலைந்தால் கணக்கில் அவர்தான் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்தில்தான் பல இடங்களில் நல்ல படங்கள் போட்ட சிறுவர் புத்தகங்கள் பூட்டிய அலமாரிக்குள் புதுசாகவே கிடக்கின்றன. பிள்ளைகள் கை பட்டுக் கிழிந்த புத்தகத்தைத் தேய்மானமாக எழுதித் தள்ளும் உரிமையை நூலகத் துறை நூலகர்களுக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று போற்றப்படும், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்காக வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே புத்தகங்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். ஆள் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அப்படித் தொடங்கிய நம் மண்ணில் புத்தகத்துக்குப் பூட்டு எதற்கு?

இன்னொன்று, இது பெண் பிள்ளைகள் பற்றியது. மே மாதம் பையன்களுக்கு மைதானம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, கிரிக்கெட் இருக்கிறது. ஏழாவது எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு? தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் பிடிப்பது, மீதி நேரம் டிவி அல்லது அம்மாவின் போன். "லைப்ரரிக்குப் போறேன்" என்றால் பல வீடுகளில் அனுப்பிவிடுவார்கள். கோயிலுக்கும் டியூஷனுக்கும் அடுத்தபடி சின்ன ஊரில் பெண் பிள்ளைகள் தனியாகப் போய்வர அனுமதி கிடைக்கிற இடம் அதுதான். அப்படி வருகிற பெண்ணுக்கு அங்கே என்ன இருக்கிறது? நாளிதழ் மேசையைச் சுற்றிப் பெரியவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்கள். உட்கார ஓர் ஓரம் கிடைக்காது. கழிப்பறை இல்லாத ஊர்ப்புற நூலகங்கள் எத்தனையோ. இருக்கிற இடங்களிலும் சாவி யாரிடமாவது இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவளால் அங்கே இருக்க முடியாது. முகாமுக்கு என்று ஒதுக்கும் பணத்தில் முதல் செலவு கழிப்பறைக்கும் குடிதண்ணீருக்கும்தான் போக வேண்டும். மேடை, சால்வை, மைக் செட் எல்லாம் அப்புறம். பிள்ளைகளுக்கென்று ஒரு மூலையில் பாய் விரித்து, காலை பத்து மணி முதல் மதியம் வரை அது அவர்கள் இடம் என்று எழுதி மாட்டினால் போதும். தம்பி தங்கையையும் கூட்டி வரலாம் என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது, பாதிப் பெண்கள் வர முடியாமல் போவதே அவர்களால்தான்.

பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஊருக்குள்ளேயே தறி நெய்கிறவர் இருப்பார், கூத்தில் வேஷம் கட்டுகிறவர் இருப்பார், பாம்பு பிடிக்கத் தெரிந்தவர், ஓய்வு பெற்ற தபால்காரர், விடுகதை நூறு வைத்திருக்கும் பாட்டி இருப்பார்கள். ஒரு நாளைக்கு ஒருவர் வந்து தன் வேலையைப் பற்றிப் பேசட்டும். பேசி முடித்ததும் அதே விஷயத்தைப் பற்றி நூலகத்தில் இருக்கிற நாலு புத்தகங்களை நூலகர் எடுத்துப் பரப்பி வைக்கட்டும். பாம்பு பற்றிக் கேட்டுவிட்டு வாய் பிளந்து நிற்கிற பையன் பாம்பு புத்தகத்தை எடுக்காமல் போவானா?

கேரளத்தில் பல நூலகங்களை ஊர்க்காரர்களே குழு அமைத்து நடத்துகிறார்கள். 1945இல் பி. என். பணிக்கர் முன்னின்று தொடங்கிய நூலக இயக்கத்தின் வழி வந்தது அது. அங்கே நூலகத்தோடு சேர்ந்து பாலவேதி என்று சிறுவர் மன்றம் இயங்குகிறது. அது மே மாதத்தோடு முடிந்துபோவதில்லை. நம்மிடம் வாசகர் வட்டம் இருக்கிறது, ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் ஐம்பது தாண்டிய ஆண்கள். மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்து, அவர்கள் படித்ததை அவர்கள் பேச, நாம் கேட்டுக்கொண்டு உட்காரலாமே.

பணம் எங்கே என்று கேட்பார்கள். நாம் கட்டுகிற சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். நம் நூலகச் சட்டம் 1948இல் வந்தது. உள்ளாட்சிகள் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டிய பணம் அது. அந்தப் பணம் பல இடங்களில் நிலுவையில் நிற்பதாக அடிக்கடி செய்தி படிக்கிறோம். சென்னையில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது, மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இரண்டிலும் சிறுவர் பகுதியைப் பார்த்து மகிழ்ந்து போனேன், ஒவ்வொரு மாவட்டத்திலும் அப்படி வரட்டும். ஆனால் அறுபது கிலோமீட்டர் பஸ் ஏறிப் போகும் பிள்ளைக்கு அது சுற்றுலாதான். நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஒற்றை அறைக் கிளை நூலகம்தான் அதன் நூலகம்.

இதைப் படிக்கிறவர்கள் இந்த வாரமே உங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். சிறுவர் அலமாரி திறந்திருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, இந்தக் கோடையில் எத்தனை பிள்ளைகளுக்கு அட்டை போட்டிருக்கிறார்கள் என்று நூலகரிடம் தன்மையாகக் கேளுங்கள். ஏதாவது குறை என்றால், உங்களால் முடிந்த பங்கு என்ன என்பதையும் அவரிடமே கேட்டு வந்து இங்கே கமெண்டில் எழுதுங்கள். எங்கள் ஊரில் இருபது அட்டைகளுக்கான பணத்தை நண்பர்கள் நாங்கள் சேர்ந்து கட்டுகிறோம்.