ஏழு வரி எழுத விடுங்கள்

நேற்றிரவு 2.40க்குக் கைப்பேசி அலறியது. நான் நிரல் எழுதும் நிறுவனத்தின் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டதாம். எழுந்து லேப்டாப்பைத் திறந்து பழைய லாக் கோப்புகளை, அதாவது சர்வர் தன் வேலையைக் குறித்துவைக்கும் பதிவுகளை, அழித்தேன். ஒன்பது நிமிட வேலைதான், ஆனால் அதற்கப்புறம் நாலரை வரை கண் மூடவில்லை. இந்த வருஷத்தில் இது பதினொன்றாவது தடவை. அதே சர்வர், அதே டிஸ்க், அதே காரணம்.

அந்தக் காரணம் எனக்குத் தெரியும் என்பதுதான் வயிற்றெரிச்சல். சோதனைக்காகப் போட்ட அமைப்பை யாரோ அப்படியே உண்மையான சர்வரிலும் ஏற்றிவிட்டார்கள். உள்ளே வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அது பக்கம் பக்கமாக லாக் எழுதித் தள்ளுகிறது. எல்லாவற்றையும் எழுதும் 'டீபக்' என்று இருப்பதை, எச்சரிக்கைகளை மட்டும் எழுதும் 'வார்னிங்' என்று மாற்ற வேண்டும். பழைய கோப்புகளைச் சுருக்கி, நாள் கடந்ததும் தானாக அழிக்க, அதற்கென்றே இருக்கும் லாக்ரொட்டேட் என்ற கருவியில் ஏழு வரி சேர்க்க வேண்டும். மார்ச் மாதமே எழுதி, சோதித்து வைத்துவிட்டேன். அனுமதி இல்லாமல் ஏற்றக்கூடாது என்பது விதி. சரி என்று அனுமதி கேட்டால், "அடுத்த ஸ்பிரிண்ட்டில் பார்க்கலாம்" என்கிறார்கள், அதாவது அடுத்த சில வார வேலைத் திட்டத்தில். அந்த அடுத்த ஸ்பிரிண்ட் மாதக்கணக்காக வரவே இல்லை. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு முன்னுரிமை கிடையாதாம்.

இந்த லட்சணத்தில் போன வாரம் எங்களுக்கு 'பர்ன் அவுட்', அதாவது வேலையால் வரும் மனச்சோர்வு, பற்றி ஒரு வெபினார் வைத்தார்கள், அதுவும் இரவு எட்டரைக்கு! மூச்சை இழுத்து விடுங்கள், வார இறுதியில் ரஸ்ட் மாதிரி புது நிரல் மொழி ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள், பழைய ஆர்வம் தானாகத் திரும்பும் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் பர்ன் அவுட்டை நோய் என்று சொல்லவே இல்லை. வேலையிடத்தில் தீர்க்கப்படாமல் நீடிக்கும் அழுத்தத்தால் வருவது என்றுதான் எழுதியிருக்கிறது. வேலையிடத்தில்! அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை என் சொந்த நேரத்தைப் போட்டு நான் ஏன் என்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும்?

என் ஆர்வம் எப்படிப்பட்டது என்று இவர்களுக்குத் தெரியாது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவன் நான். அம்மா பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய்விடுவார். வெயில் ஏறிவிட்டால் பால் குறைந்துவிடும், அதனால் விடிவதற்குள் உளி மரத்தில் இருக்க வேண்டும். கூலியில் ஒரு பங்கு கொண்டுவரும் பாலின் எடையைப் பொறுத்தது. வெறும் எடை மட்டும் போதாது. பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்து அதைப் பெருக்குவார்கள். மரத்திலும் கோப்பையிலும் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. மாதக் கடைசியில் வரும் சீட்டை அம்மா திருப்பித் திருப்பிப் பார்ப்பார். குறைகிறது என்று தெரியும், எங்கே குறைகிறது என்று சொல்லத் தெரியாது.

பதினான்கு வயதில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சைபர் கஃபேயில் உட்கார்ந்து, அந்தக் கணக்கைச் சரிபார்க்க ஒரு நிரல் எழுதினேன். ஒவ்வொரு நாள் எடையையும் விழுக்காட்டையும் கொடுத்தால் கூலி வரும். மூன்று நாள் பதிவில் தவறு இருந்தது. தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். அம்மா அதை மடித்து எடுத்துக்கொண்டு போய்க் கணக்கெழுதும் கிராணியிடம் நீட்டினார். அடுத்த மாதச் சம்பளத்தில் பதினெட்டு வெள்ளி (ரிங்கிட்) சேர்ந்து வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது. ஒன்று தவறாக இருக்கிறது, ஏன் என்று கண்டுபிடிக்கிறேன், அப்புறம் அது சரியாகிவிடுகிறது. நிரல் எழுதுவதில் எனக்கு இருந்த சந்தோஷம் முழுக்க இதுதான்.

இப்போது என்னிடமிருந்து பிடுங்கியிருப்பதும் இதைத்தான். வேலை அதிகம் என்று நான் அழவில்லை. முன்பெல்லாம் ஒரு பிழையைத் தேடி விடிய விடிய உட்கார்ந்துவிட்டு, காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கப் போனவன் நான். தவறு எங்கே என்று தெரிந்தும் அதைத் தொடக்கூடாது, ஒவ்வொரு தடவையும் மேலே மட்டும் துடைத்துவிட்டுப் போ என்றால் மனிதன் எத்தனை மாதம் தாங்குவான்? இப்போதெல்லாம் நிரல் எழுதும் எடிட்டரைத் திறந்தாலே நெஞ்சு அடைக்கிறது. மூன்று வரி படிப்பேன், மறுபடி முதல் வரிக்கே வந்து நிற்பேன்.

இதை ஊரில் யாரிடம் சொல்வது? "நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கிறாய், என்ன களைப்பு?" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தோள் காய்க்கப் பால் வாளி சுமந்தவர்கள். அதனாலேயே வாயை மூடிக்கொள்கிறேன்.

அம்மாதான் இன்று காலை கேட்டார். "ராத்திரி மறுபடி விளக்கு எரிஞ்சுச்சே ஐயா, பசியாறினியா?" முழுவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஒரே மரத்தை தினம் வெட்டக்கூடாதுப்பா. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மீறி வெட்டினா கோடு காஞ்சிரும், பால் சொட்டாது. அப்புறம் அந்த மரத்தைச் சும்மா விட்டுரணும், திட்டினா வராது" என்றார். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் ரப்பர்க் கன்று நட்டார்கள். மரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது தலைமுறைகளாகப் பால் எடுத்துப் பழகிய ஊருக்கு நன்றாகவே தெரியும். கோலாலம்பூரில் உட்கார்ந்து என் அட்டவணையைப் போடுகிறவர்களுக்கு இது ஏன் புரியவில்லை?

சட்டமாவது கைகொடுக்கிறதா என்றால், பாதிதான். மலேசிய வேலைச் சட்டத்தைத் திருத்தி, வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை உச்சவரம்பை 2023 ஜனவரி 1 முதல் 45 ஆக்கினார்கள். ஆனால் மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டிவிட்டால் கூடுதல் நேர ஊதியம் கேட்க அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. என் 2.40 மணிக்கு விலையே கிடையாது. விலை இருந்திருந்தால் அந்த ஏழு வரி மார்ச்சிலேயே ஏறியிருக்கும், சத்தியமாகச் சொல்கிறேன். அதே திருத்தத்தில் நெகிழ்வான வேலை நேரம் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். விண்ணப்பித்துவிட்டேன். இரவில் எழுப்பினால் மறுநாள் மதியம்தான் வேலையைத் தொடங்குவேன் என்று கேட்டிருக்கிறேன். இன்றோடு 41 நாள்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். புது மொழி எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. அன்று தூங்குகிறேன், மாலையில் அம்மாவோடு சந்தைக்குப் போகிறேன். இது என் உரிமை. இதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இன்றிரவும் என் முறைதான். சற்று முன் பார்த்தேன், டிஸ்க் 83 விழுக்காடு. அனுமதி கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன், பன்னிரண்டாவது முறையாக.