கூழாங்கல்லில் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்பவர்களுக்கு

இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ படம் பற்றிப் பேச்செடுத்தால், “அப்பனும் மகனும் நடந்துகிட்டே இருக்காங்க, அவ்வளவுதானே” என்று பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சமீப வருடங்களில் தமிழில் இயக்குநர்களின் முதல் படங்களாக வந்தவற்றில் இவ்வளவு துணிச்சலான ஒன்றை நான் பார்க்கவில்லை.

கதை நாலு வரிதான். மதுரைப் பக்கம் வறண்ட ஊர். தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைக் கூட்டிவர, குடிகாரன் கணபதி பள்ளிக்கூடத்தில் இருந்த மகன் வேலுவை இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். அங்கே போனால் அவள் ஏற்கெனவே ஊருக்குத் திரும்பிவிட்டாள். அடிதடி. பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். அப்புறம் உச்சிவெயிலில் 13 கிலோமீட்டர் நடை.

பணத்தை ஏன் கிழித்தான்? இந்தக் கோபத்தோடு அப்பன் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். நேரத்தைத் தள்ளிப்போட அந்த வயசில் வேறு வழியில்லை. இதை ஒருவரும் வசனமாகச் சொல்வதில்லை. நாமே புரிந்துகொள்ள வேண்டும். வழியெல்லாம் பையன் அப்பனை விட்டு விலகியே நடக்கிறான், உடைந்த கண்ணாடித் துண்டால் அவன் முதுகில் வெயிலை அடிக்கிறான், தாகத்துக்குக் கூழாங்கல்லை வாயில் போட்டு அடக்கிக்கொள்கிறான். ஒன்றுமே நடக்கவில்லையா?

வினோத்ராஜின் சகோதரியைக் கணவன் வீட்டை விட்டுத் துரத்தியபோது, அவர் கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே தாய்வீடு வந்தாராம். படம் பிறந்தது அங்கிருந்துதான். படத்தில் அதே தூரத்தை நடப்பவன் கணவன்.

கேமரா அவனோடு மட்டும் போகவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். பஸ்ஸில் சண்டை முற்றும்போது, கைக்குழந்தையோடு பாதி வழியில் இறங்கிவிடும் பெண்ணின் பின்னால் போகிறது. வயலில் எலி வளைக்குப் புகை போட்டு, எலி பிடித்துச் சுட்டுத் தின்னும் குடும்பத்தோடு உட்கார்ந்துவிடுகிறது. கடைசியில் ஒரு ஊற்றுக்குழி. ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறார்கள், மற்ற பெண்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தக் காட்சி அவசரமே படாமல் நீள்கிறது. கணபதியின் கோபம் ஒரு பகல்தான். இந்தப் பெண்களுக்குத் தினமும் இதே பாடு. காட்சியைக் குறைத்திருந்தால் அந்த வித்தியாசம் உறைத்திருக்காது. மெதுவாகப் போகிறது என்று குறைப்படுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கணபதியாக வரும் கருத்தடையானின் நடையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பேசாத நேரத்திலும் அந்த நடையில் கோபம் தெரிகிறது. இசை யுவன் சங்கர் ராஜா. ஆனால் பெரும்பாலும் நமக்குக் கேட்பது காலடியும் காற்றும்தான்.

2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது, தமிழ்ப் படம் ஒன்று அதை வாங்கியது அதுதான் முதல் முறை. ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியதும் இதையே. ஆனால் நம் ஜனங்கள் பார்க்க 2023 அக்டோபர் வரை ஆனது, அதுவும் சோனி லிவ் ஓடிடியில். அரிட்டாபட்டிப் பக்கத்துப் பொட்டல்வெளியை அவ்வளவு அகலமாக எடுத்த படத்தைப் பலர் போனில் பார்த்தார்கள். இது எனக்கு உண்மையான வருத்தம். வினோத்ராஜின் அடுத்த படம் ‘கொட்டுக்காளி’ 2024இல் தியேட்டருக்கு வந்தது. பின்னணி இசையே இல்லாத அந்தப் படத்துக்குத் தியேட்டர் கிடைத்ததென்றால், ‘கூழாங்கல்’லுக்கும் கிடைக்க வேண்டும். திரைப்பட இயக்கங்களும் கல்லூரிகளும் மனசு வைத்தால் முடியும். வெறும் 75 நிமிடப் படம். முதல் காட்சியை அரிட்டாபட்டிக்குப் பக்கத்து ஊரான மேலூரிலேயே போடுங்கள்.