அந்தத் தம்பியைச் சாட்சி சொல்லக் கூப்பிட வேண்டாம்

எங்கள் சபையில் வாலிபர் ஞாயிறு வருகிறது. அதற்கான கூட்டத்தில், அகதியாக வந்து ஞாயிறுதோறும் எங்களோடு உட்காரும் தம்பியை மேடையேற்றிச் சாட்சி சொல்ல, அதாவது தன் வாழ்க்கையில் நடந்ததையும் அதில் கடவுள் செய்ததையும் எல்லோர் முன்னும் சொல்ல வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். காரணத்தைச் சொல்ல அங்கே நேரம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவனுக்கு 17 வயது. தனியாக வந்தவன். எந்த நாடு, எந்த வழியாக வந்தான் என்பதையெல்லாம் எழுத மாட்டேன். சொல்வதா வேண்டாமா என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

தஞ்சம் கேட்டு வருகிறவர்கள் தங்களுக்கு நடந்ததை எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது தெரியுமா? பதிவு செய்யும் அதிகாரி, வழக்கறிஞர், மருத்துவர், அப்புறம் தஞ்சம் கொடுப்பதா என்று முடிவு செய்வதற்கான அந்தப் பெரிய நேர்காணல். இனம், மதம், நாட்டுரிமை, சமூகப் பிரிவு, அரசியல் கருத்து, இவற்றில் ஏதோ ஒன்றின் பேரில் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்துக்குத் தக்க காரணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 1951 அகதிகள் உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவன் அத்தாட்சியெல்லாம் எடுத்துக்கொண்டா ஓடுவான்? பெரும்பாலும் அவன் வாய்ச்சொல்தான் அத்தாட்சி. ஓரிடத்தில் சொன்ன தேதியும் இன்னோர் இடத்தில் சொன்ன தேதியும் ஒத்துப்போகாவிட்டால் போதும், பொய் சொல்கிறானோ என்ற சந்தேகம் வந்துவிடும். தூக்கமில்லாமல் பயந்து பயந்து வந்த பிள்ளைக்கு நாளும் கிழமையுமா நினைவிருக்கும்?

அதனால், “என்ன நடந்தது, சொல்லு” என்று யார் அன்பாகக் கேட்டாலும் அவன் காதில் அது விசாரணையாகத்தான் விழும். நம் மேடையும் அவனுக்கு இன்னொரு நேர்காணல் அறைதான். போதாததற்கு நாம் ஆராதனையை யூடியூபில் நேரலையாக வேறு போடுகிறோம். அவன் வீட்டார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவன் முகமும் பெயரும் யார் கண்ணில் படும் என்று நமக்குத் தெரியுமா? குழுப் படங்களில்கூட அவனைக் கேட்காமல் அவன் முகத்தைப் போடக் கூடாது.

அப்படியானால் நட்பு எப்படித்தான் வரும் என்று கேட்கலாம். எங்களுக்கு வந்தது ஒலிபெருக்கி வழியாக. பாடகர் குழு பயிற்சியில் ஸ்பீக்கர் விடாமல் இரைந்துகொண்டே இருந்தது. கதவோரக் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தான். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, ஒன்றைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினான். இரைச்சல் நின்றது. ஒலி பார்க்கும் அண்ணன், “அடுத்த வாரம் சீக்கிரம் வந்துடு, எனக்கு ஆள் வேணும்” என்றார். அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அவன் சிரித்துப் பார்த்தேன். அதுவரை நாங்கள் எல்லோரும் அவனுக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டே இருந்தோம். அவனிடம் உதவி கேட்ட முதல் ஆள் அந்த அண்ணன்.

பிறகு ஒரு மாலை அவனாகவே தன் பிளாஸ்டிக் உறையை என்னிடம் நீட்டினான். மூன்று கடிதம், மூன்றிலும் அவன் பெயர் மூன்று விதமாக இருந்தது. இதைத் திருத்தாவிட்டால் பின்னால் சிக்கல் வருமே என்ற கவலை அவனுக்கு. இரண்டு பேரும் உட்கார்ந்து வழக்கறிஞருக்கு எழுதினோம். அன்றைக்கும் அவன் கடந்த காலத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கால்பந்து பேசினோம்.

அவன் வேறு மத நம்பிக்கையில் வளர்ந்தவன். ஞானஸ்நானம் எப்போது என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மை அண்டி நிற்கும் பிள்ளையால் “வேண்டாம்” என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் கேட்பதே தவறு. “அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்” என்று ஆண்டவர் சொன்னபோது எந்த நிபந்தனையும் வைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சில் லெ சாம்போன் என்ற மலையூரில், போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயும் அவர் சபையாரும் சுற்று வட்டாரத்து மக்களும் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்களுக்கு இடம் கொடுத்தார்கள். வந்தவர்களில் பலர் பிள்ளைகள். ஊர்ப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போனார்கள், படித்தார்கள், விளையாடினார்கள். நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் சபை அது. ஆபத்து தங்கள் தலைமேல் இருந்தும் அந்தப் பிள்ளைகளுக்குச் சாதாரண நாட்களைக் கொடுக்கப் பார்த்தார்கள்.

இவனுக்குச் சீக்கிரம் 18 ஆகிறது. 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கை அகதிப் பிள்ளைகளுக்குத் தரும் பாதுகாப்பு பொதுவாக 18 வயது வரைக்கும்தான். பல நாடுகளில் அதற்குப் பிறகு பாதுகாவலரும் இருக்க மாட்டார், தங்குமிடமும் மாறிவிடும். நேற்று வரை பிள்ளை, இன்று முதல் தனியாள். சபை அவனுக்கு வேண்டியது அப்போதுதான்.

ஆகவே சாட்சிக்கு ஆள் தேடுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: அவன் பெயரை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டு ஒலிக் குழுவின் முறைப்பட்டியலில் எழுதுங்கள். அடுத்த நேர்காணலுக்கு அவனோடு போய் வெளியே காத்திருக்க ஒருவர் வேண்டும், கணக்குப் பாடம் சொல்லித்தர ஒருவர் வேண்டும். முடிந்தவர்கள் என்னிடம் சொல்லுங்கள். அவனிடம் கேட்டுவிட்டு உங்களைச் சேர்த்துவைக்கிறேன்.